லாரிக்குப் பின்னால் உள்ள காற்று

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குச் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தூரத்துக்குள், கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 500 மீட்டரிலிருந்து 900 மீட்டர் வரை, ஏறுகிறதென்று கண்ணுக்கு அதிகம் புலப்படாமலேயே ஏறிவிடுகிறது. சென்னையிலிருந்து வரும் சாலையும் சேலத்திலிருந்து வரும் சாலையும் கிருஷ்ணகிரியில் கூடி ஒன்றாவதால், பெங்களூரை நோக்கிப் போகும் கண்டெய்னர் லாரிகளும், கருங்கல் பாளங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு மூச்சுத் திணறி ஏறும் டிரெய்லர்களும், பருவகாலத்தில் கூழ் ஆலைகளுக்கு மாங்காய் ஏற்றிப் போகும் டிராக்டர்களும், ஓசூர்த் தொழிற்பேட்டைகளுக்கு உதிரிப்பாகம் சுமந்து செல்லும் வண்டிகளும், இரவு பகல் என்ற வித்தியாசமின்றி இந்தச் சாலையை நிறைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கிடையே, அதிகாலை வேளைகளில், வளைந்த கைப்பிடியும் மெல்லிய டயரும் கொண்ட பந்தய சைக்கிள்களில் குனிந்து செல்லும் இளைஞர்களையும் காணலாம். அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டிப் பெங்களூரிலிருந்து வருபவர்கள் சிலர். ஓசூரிலேயே ஆலை வேலை பார்த்துக்கொண்டு, ஷிப்டுக்கு முன்னும் பின்னும் கிடைக்கும் நேரத்தில் பயிற்சி செய்பவர்கள் சிலர். அவர்களில் எவராவது ஒருவர், முன்னே போகும் லாரியின் பின்கதவுக்கு ஒரு சைக்கிள் நீளமே இடைவெளி விட்டு, கால்களை அதிகம் வருத்திக்கொள்ளாமல், தனியாகப் போனால் எட்ட முடியாத வேகத்தில் போய்க்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது, பார்ப்பவர் மனத்தில் வியப்பும் கலக்கமும் ஒருங்கே எழுகின்றன. சைக்கிள் பந்தயக்காரர்கள் டிராஃப்டிங் என்று சொல்லும் இந்தக் காற்று மறைவில் அடங்கியுள்ள பௌதிகம் மிகவும் சுவையானது. அதன் அபாயமும் அந்தப் பௌதிகத்திலிருந்தே பிறக்கிறது.

சமதரையில் வேகமாகச் சைக்கிள் மிதிப்பவருக்கு உண்மையான எதிரி காற்றுதான். காற்றை எடையற்ற பொருளாகவே எண்ணி நாம் பழகிவிட்டோம்; ஆயினும் ஓசூரின் உயரத்தில்கூட ஒரு கன மீட்டர் காற்று ஒரு கிலோகிராமுக்குச் சற்று மேற்பட்ட எடையுள்ளது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஒருவர், தம் உடலும் சைக்கிளுமாகச் சேர்ந்து காற்றின் முன் நீட்டும் சுமார் அரைச் சதுர மீட்டர் பரப்பினால், ஒவ்வொரு விநாடியும் ஏறத்தாழ 6 கிலோகிராம் காற்றைத் தம் வழியிலிருந்து ஒதுக்கித் தள்ளியாக வேண்டியிருக்கிறது. இவ்வாறு தள்ளுவதற்குரிய விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. சக்தியோ வேகத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. மணிக்கு 20 கிலோமீட்டரில் காற்றுக்கென்று 30 வாட் செலவிடுகிற ஒருவர், அதே இருக்கை நிலையில் 40 கிலோமீட்டரை எட்ட விரும்பினால், எட்டு மடங்காகிய 240 வாட்டைக் காற்றுக்கு மட்டுமே காணிக்கையாகத் தந்தாக வேண்டும்; டயரின் உருளலுக்கும் சங்கிலியின் உராய்வுக்கும் ஆகிற சொற்பச் செலவு தனி. அத்தனை சக்தியை ஒரு மணி நேரம் இடைவிடாமல் தருவது நன்கு பயின்ற உடலுக்கே சாத்தியம். ஓசூர்க் காற்று சென்னைக் கடற்கரைக் காற்றைவிடப் பத்தில் ஒரு பங்கு மெலிந்தது என்பதால் இங்கே ஓட்டுபவர்களுக்குச் சிறிது சலுகை உண்டென்றாலும், அந்த ஏற்றமே அச்சலுகையைத் திரும்ப வாங்கிக்கொண்டுவிடுகிறது.

இப்போது அந்த மனிதருக்கு முன்னால் ஒரு கண்டெய்னர் லாரி போகிறதென்று வைத்துக்கொள்வோம். அதன் முகப்பு காற்றைப் பிளந்து இரு பக்கங்களிலும் மேற்புறத்திலும் ஒதுக்குகிறது; ஒதுங்கிய காற்று பக்கச் சுவர்களை ஒட்டியே ஓடிவந்து, பின்விளிம்பை அடைந்தவுடன், அங்கே திடீரென்று சுவர் முடிந்துபோவதால், அத்தனை கூர்மையாக வளைந்து உள்ளே திரும்ப இயலாமல் பிரிந்து நேராகவே போய்விடுகிறது. அதனால் லாரியின் முதுகுக்குப் பின்னால் அழுத்தம் குறைந்த ஒரு பிரதேசம் உண்டாகி, அதற்குள் காற்று பெரிய பெரிய சுழல்களாகச் சுழன்றுகொண்டு லாரியோடு கூடவே பிரயாணம் செய்கிறது. தென்பெண்ணையில் நீர் விசையாக ஓடும் நாட்களில், நடு ஆற்றில் நிற்கும் பாறையின் கீழ்ப்புறத்தில் அகப்பட்ட சருகு, ஆற்றின் போக்கில் போகாமல் பாறையை நோக்கியே எதிரேறி வந்து சுற்றிச் சுற்றி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். லாரிக்கு மிக அணுக்கத்தில் அந்தச் சுழலின் நடுப்பகுதிக் காற்று லாரியை நோக்கியே வீசுகிறது. ஆகவே அங்கே நுழைந்த சைக்கிள்காரருக்கு எதிர்க்காற்று குறைவதோடு, சிற்சில கணங்களில் முதுகிலிருந்து தள்ளுவதுபோன்ற உணர்ச்சியும் உண்டாகிறது. இதனால் லாரிக்கு யாதொரு நஷ்டமும் இல்லை. அழுத்தம் குறைந்த அந்தப் பிரதேசத்தைப் பின்னால் இழுத்துச் செல்வதற்காக, பின்னால் யாரும் வந்தாலும் வராவிட்டாலும், அது டீசலைச் செலவழித்துக்கொண்டேதான் இருக்கிறது.

மறைவின் அளவு வண்டியின் உருவத்தைப் பொறுத்தது என்பதை இந்தச் சாலையிலேயே பிரத்தியட்சமாகக் காணலாம். 1980 முதல் லாரி உற்பத்தி செய்துவரும் அசோக் லேலண்டின் ஆலை ஓசூரில் இருக்கிறது. நாமக்கல்லும் திருச்செங்கோடும் லாரிக்குப் பாடி கட்டுவதில் நாடெங்கும் பெயர் பெற்ற ஊர்கள். ஆகையால், கூடோ கூரையோ இல்லாத வெறும் சேஸி, ஹெல்மெட் அணிந்து துண்டால் முகத்தைச் சுற்றிக்கொண்ட ஓட்டுநருடன் தெற்கு நோக்கி ஓடுவது இங்கே நூதனக் காட்சியன்று. அந்தச் சேஸிக்குப் பின்னால் போகிற சைக்கிளுக்குக் கிடைப்பது அற்பமான மறைவே. காற்று சட்டங்களின் இடையே புகுந்து நேரே வந்துவிடுகிறது. அதே சேஸி சில வாரங்களுக்குப்பின் பெட்டி போன்ற பாடியைச் சுமந்துகொண்டு திரும்பும்போது, அதன் பின்னே ஓர் அறை அளவு அமைதி கூடவே வருகிறது. கிராமத்துச் சிறுவர்கள் டிராக்டர் டிராலியின் பின்பலகையை ஒரு கையால் பற்றிக்கொண்டு, மிதிகட்டை அசையாமல், ஃப்ரீவீல் கடகடக்கப் போவார்களே, அது வேறு விஷயம். அங்கே டிராக்டரின் இழுவிசையே சிறுவனைக் கொண்டுபோகிறது. காற்று மறைவில் போகிறவர் எதையும் தொடுவதில்லை. தம் காலால் மிதித்தே போகிறார். அவர் செய்ய வேண்டிய வேலைதான் குறைந்துவிடுகிறது.

எவ்வளவு குறைகிறது என்பதற்குச் சரித்திரம் சில விசித்திரமான சாட்சியங்களை வைத்திருக்கிறது. 1899ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதி, நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்ட் ரயில் பாதையில், தண்டவாளங்களுக்கிடையே பலகை பாவச் செய்து, பின்புறத்தில் மரக்கூடு பொருத்திய ஒரு ரயில் பெட்டியைத் தொடர்ந்து, சார்லஸ் மர்ஃபி என்பவர் ஒரு மைல் தூரத்தை 57.8 விநாடியில் சைக்கிளில் கடந்தார்; மோட்டார் வண்டிகளே தத்தித் தத்தி ஓடிய அந்தக் காலத்தில் இது நம்பத்தகாத வேகம். ஆனால் ஓட்டம் முடிந்து ரயில் வேகம் தணிந்தபோது, சைக்கிள் பெட்டியின்மேல் மோதும் நிலை வந்துவிட, பெட்டியின் பின்மேடையில் ஆயத்தமாக நின்றிருந்தவர்கள் அவரைக் கைகொடுத்துத் தூக்கிக் காப்பாற்றினார்கள். 1928இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த லியோன் வாண்டர்ஸ்டுய்ஃப்ட், பாரீஸ் அருகே மோன்லெரி ஓடுதளத்தில், மோட்டார்சைக்கிளின் மறைவில் ஒரு மணி நேரத்தில் 122.771 கிலோமீட்டர் சென்றார். எவ்வித மறைவுமின்றி, நவீன உடையும் நவீன சக்கரமும் துணை நிற்க, 2022 அக்டோபரில் இத்தாலியரான ஃபிலிப்போ கன்னா ஒரு மணி நேரத்தில் எட்டிய தூரம் 56.792 கிலோமீட்டர். கன்னாவின் கால்கள் வாண்டர்ஸ்டுய்ஃப்டின் கால்களுக்கு எவ்விதத்திலும் குறைந்தவையல்ல. இரண்டு எண்களுக்கும் இடையே கிடக்கிற 66 கிலோமீட்டரும் காற்றின் கணக்கில் எழுதப்பட வேண்டியவை.

இவ்வரிசையின் உச்சத்தில் இருப்பவர் ஒரு பெண்மணி. 2018 செப்டம்பரில், அமெரிக்காவின் போன்வில் உப்புச் சமவெளியில், டெனிஸ் முல்லர்-கோரனெக் ஒரு பந்தயக் காருக்குப் பின்னால், அதற்கென்றே கட்டிய மறைப்புக்குள் புகுந்து, மணிக்கு 296 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் ஓட்டினார். மிகப் பெரிய பற்சக்கரத்தைத் தொடக்கத்தில் காலால் சுழற்ற இயலாதாகையால், அவரது சைக்கிளை முதலில் காரே இழுத்துச் சென்றது. பிறகு பிணைப்பை விடுவித்துக்கொண்டு தம் பலத்தாலேயே அவர் அந்த வேகத்தை எட்டினார். மறைவேதும் இல்லாமல், மீன்போன்ற கூட்டுக்குள் படுத்தவாறு மிதித்து, மனித பலத்தால் மட்டும் சமதரையில் அடைந்த வேகமாக 2016இல் கனடாவின் டாட் ரைகர்ட் நிலைநாட்டியது மணிக்கு 144 கிலோமீட்டர்தான். காற்றை எவ்வளவு சாமர்த்தியமாக ஊடுருவினாலும், காற்றே இல்லாததற்கு அது ஈடாகாது.

இந்தச் சாதனைகளிலெல்லாம் ஒரு பொது அம்சம் இருக்கிறது. வேகத்தைக் காட்டிலும் அதுவே முக்கியமென்று நான் கருதுகிறேன். மறைவு தருகிறவருக்குத் தம் பின்னால் ஒருவர் இருப்பது தெரியும். மர்ஃபிக்காக ரயிலின் பின்மேடையில் ஆட்கள் நின்றார்கள். முல்லர்-கோரனெக்கின் காரை ஓட்டிய ஷே ஹால்புரூக், பின்னால் வருகிறவரின் வேகத்துக்கு ஏற்ப ஆக்ஸிலேட்டரை மயிரிழை மயிரிழையாக அழுத்திப் பழகியவர். மோட்டார் மறைவுப் பந்தயங்களில் மோட்டார்சைக்கிளின் பின்புறம் தன்னிச்சையாகச் சுழலும் ஓர் உருளையைப் பொருத்தி வைத்தார்கள். சைக்கிளின் முன்சக்கரம் தவறி இடித்தாலும், உருளை சுழன்று கொடுத்துவிடுவதால், ஓட்டுபவர் கவிழாமல் தப்பிப்பார். ஐரோப்பாவில் டெர்னி என்று வழங்கும் மறைவு வண்டிக்குச் சிறு எஞ்சினும் உண்டு, மிதிகட்டையும் உண்டு. ஓட்டுநர் மிதித்தபடியே எஞ்சினை நடத்துவதால், வேகம் வெட்டி வெட்டி ஏறாமல் வழுக்கிக்கொண்டு ஏறுகிறது. பின்னால் வருபவர் எதிர்பாராத குலுக்கல் எதற்கும் ஆளாவதில்லை. 1980இல் ஓசூர் ஆலையிலிருந்து வெளிவந்து, பால் கேனும் கீரைக்கட்டும் இரண்டு பேருமாகத் தமிழகத்துச் சந்துகளிலெல்லாம் ஓடிய டிவிஎஸ் 50 மொபெட்டுக்கும் ஆரம்பத்தில் மிதிகட்டை இருந்தது. அந்த அளவில் டெர்னியும் அதுவும் ஒரே குடும்பத்தவை.

ஜப்பானில் 1948இல் கொகுரா நகரில் தோன்றி, 2000ஆம் ஆண்டு சிட்னியில் ஒலிம்பிக்கில் இடம்பெற்ற கெய்ரின் என்னும் ஓட்டத்திலும் இப்படிப்பட்ட வண்டிதான் முன்னே செல்கிறது. படிப்படியாக மணிக்கு 50 கிலோமீட்டர் வரை வேகத்தை உயர்த்திவிட்டு அது ஓடுதளத்தைவிட்டு ஒதுங்கிக்கொள்ள, மீதிச் சுற்றுகளைப் போட்டியாளர்கள் தமக்குள் தீர்த்துக்கொள்கிறார்கள். அந்தமானைச் சேர்ந்த எசோ ஆல்பன் 2018இல் ஸ்விட்ஸர்லாந்தின் எய்க்லில் நடந்த உலக ஜூனியர் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றது இந்த கெய்ரினில்தான். மறு ஆண்டு அவரும் அவருடைய தோழர்களும் அதே ஜூனியர் உலகப் போட்டியின் குழு விரைவோட்டத்தில் இந்தியாவுக்குத் தங்கமே பெற்றுத் தந்தார்கள். கெய்ரினில் மறைவு எல்லோருக்கும் பொது. யாவரும் அறிய, ஒரே வண்டி, ஒரே அளவில் அதைத் தருகிறது. ஆகவே அதைக் குறைகூற இடமில்லை.

சாலைப் போட்டியில் நிலைமை வேறு. அங்கே போட்டியாளர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சென்று தமக்குள் மறைவு பெறுவது ஆட்டத்தின் ஜீவநாடி. 121 பேர் கொண்ட கூட்டத்தின் உட்புறத்தில் அகப்பட்டவருக்குத் தனியாளுக்குள்ள காற்றெதிர்ப்பில் 5 முதல் 10 சதவீதம்தான் மிஞ்சுகிறது என்று நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழகத்தில் பெர்ட் பிளாக்கன் தலைமையில் நடந்த ஆராய்ச்சி 2018இல் காட்டியது. தலைவனுக்காகத் துணைவர்கள் காற்றில் நின்று உழைப்பதும், தப்பியோடியவரைக் கூட்டம் துரத்திப் பிடிப்பதும், இந்த ஓர் உண்மையிலிருந்தே கிளைக்கின்றன. ஆனால் மனிதர் தரும் மறைவுக்கு ஒருவர் களைப்பினால் விலை கொடுத்தாக வேண்டும். வண்டி தரும் மறைவுக்கு எவரும் களைப்பதில்லை. அதனால்தான் வாகனத்தின் மறைவில் முன்னேறுவதை உலக சைக்கிள் சம்மேளனத்தின் விதிகள் குற்றமாக வைத்திருக்கின்றன. விபத்தினாலோ பஞ்சரினாலோ பின்தங்கியவர், குழுக் கார்களின் வரிசையில் ஒரு காருக்குப் பின்னிருந்து மறு காருக்குத் தாவித் தாவிக் கூட்டத்தை எட்டிப்பிடிப்பதை நடுவர்கள் ஓரளவு பொறுத்துக்கொள்வார்கள். வெறும் சோர்வினால் பின்தங்கியவராயின் கார்களையே நிறுத்திவைத்து அந்த வழியை அடைத்துவிடுவார்கள். 2015இல் ஸ்பெயின் சுற்றுப்போட்டியின் இரண்டாம் நாள், முந்தைய ஆண்டு டூர் டி பிரான்ஸில் வென்ற வின்சென்ஸோ நிபாலி, தம் குழுவின் காரைப் பிடித்துக்கொண்டு விரைந்தது வானிலிருந்து எடுத்த படத்தில் பதிவாகவே, அவர் அன்றே போட்டியிலிருந்து வெளியேற்றப்பட்டார். பெங்களூரிலிருந்து புறப்பட்டு இந்தப் பக்கமாக 200, 300, 600 கிலோமீட்டர் ஓடுகிற, பிரெவே என்னும் நெடுந்தூர ஓட்டக்காரர்கள் பந்தயக்காரர்கள் அல்லர். எனினும் அவர்களுக்கும், உதவி வண்டி குறிப்பிட்ட சோதனைச் சாவடிகளில் மட்டுமே சந்திக்கலாம், வழியில் தொடரக்கூடாது என்பது நிபந்தனை.

கண்ணுக்குத் தெரிகிற மோசடியைவிடத் தெரியாத சலுகையே நடுவருக்குப் பெரிய சிக்கல். படம் பிடிப்பவரின் மோட்டார்சைக்கிள் முன்னே சற்றுத் தூரத்தில் போகிறது. யாரும் அதை ஒட்டிப் போகவில்லை. ஆனாலும் உதவி கிடைத்துவிடுகிறது. பிளாக்கனும் அவருடைய சகாக்களும் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, மோட்டார்சைக்கிளுக்கு 2.64 மீட்டர் பின்னால் வருபவருக்குக் காற்றெதிர்ப்பு 48 சதவீதம் குறைகிறது. 10 மீட்டரில் 23 சதவீதம். 30 மீட்டரில் 12. 50 மீட்டரில்கூட 7 சதவீதம். முன்னணியில் தனித்து ஓடுகிறவருக்கு அருகில் கேமரா சென்றால் அவர் வெற்றியிலேயே அதற்குப் பங்கு இருக்கக்கூடும். பின்னால் துரத்துகிறவர்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. இன்னும் ஆச்சரியம் என்னவெனில், பின்னால் வருகிற வண்டியும் உதவுகிறது. ஓடும் கார் தனக்கு முன்னுள்ள காற்றை நெருக்கி அழுத்தத்தை உயர்த்துவதால், அந்த அழுத்தம் முன்னே போகிறவரின் முதுகில் படிந்து, அவரைப் பின்னுக்கு இழுக்கும் விசையைச் சிறிது தணிக்கிறது: 5 மீட்டரில் 3.7 சதவீதம், 10 மீட்டரில் 1.4 சதவீதம். தனிநபர் நேர ஓட்டங்களில் தொடர்ந்து வரும் கார் 10 மீட்டருக்குக் குறையாமல் பின்தங்கவேண்டும் என்ற விதி நெடுங்காலம் இருந்து வந்தது. விநாடிகளில் முடிவாகும் போட்டியில் அந்த இடைவெளி போதுமானதன்று. 30 மீட்டராவது வேண்டும் என்ற விஞ்ஞானிகளின் யோசனை முற்றிலும் நியாயமானது என்பதே என் அபிப்பிராயம்.

மறுபடி நம் நெடுஞ்சாலைக்கு வருவோம். இங்கே மறைவு தருகிற லாரி ஓட்டுநருக்கு, பின்னால் ஒருவர் இருப்பது தெரியாது, தெரிந்துகொள்ளவும் வழியில்லை. கண்டெய்னர் லாரிக்குப் பின் ஜன்னல் கிடையாது. இரு பக்கக் கண்ணாடிகளும் பக்கத்துத் தடங்களைக் காட்டுமேயன்றி, முதுகுக்கு நேர்பின்னால் இரண்டு மீட்டரில் வருகிற சைக்கிளைக் காட்டா. மறைவு எங்கே மிகுதியோ, அங்கேதான் ஓட்டுநரின் பார்வை முற்றிலும் எட்டாமல் போகிறது. சைக்கிள்காரருக்கும் லாரியின் பின்கதவையும் எண்பலகையையும் தவிர வேறொன்றும் தெரிவதில்லை. முன்னே பள்ளமா, வேகத்தடையா, சூளகிரியில் சாலையைக் குறுக்கே கடக்கிற மாடா என்பதை அவர் லாரியின் அசைவிலிருந்துதான் ஊகிக்க வேண்டும். லாரியோ பள்ளத்தை இரு சக்கரங்களுக்கும் நடுவே விட்டுக்கொண்டு அசையாமல் தாண்டிவிடும். அடுத்த கணம் அந்தப் பள்ளம் சைக்கிளின் முன்சக்கரத்துக்கு நேராக வந்து நிற்கும்.

பிரேக்கின் கணக்கு இன்னும் கொடியது. இரண்டும் மணிக்கு 40 கிலோமீட்டரில், அதாவது விநாடிக்குச் சுமார் 11 மீட்டரில் போய்க்கொண்டிருக்க, லாரி ஓட்டுநர் பலமாகப் பிரேக் போட்டு, விநாடிக்கு விநாடி 5 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைக்கிறார் என்று கொள்வோம். இரண்டு மீட்டர் இடைவெளி முழுவதும் மறைய 0.9 விநாடி போதும். முன்னே சிவப்பு விளக்கு எரிவதைக் கண் கண்டு, மனம் உணர்ந்து, விரல் பிரேக் கட்டையை அழுத்தச் சாதாரண மனிதருக்கு ஏறத்தாழ அதே நேரம் பிடிக்கிறது. எனவே அவர் பிரேக்கைத் தொடும்போதே கதவு முகத்தருகே வந்துவிடுகிறது. பயிற்சியினால் இந்தக் கணக்கை வெல்ல முடியாது. உலக சாம்பியனின் கைகளும் நரம்புகளால் ஆனவைதாம். அந்த இடைவெளியைப் பத்து மீட்டராக்கினால் மோதாமல் தப்பிக்க இரண்டு விநாடி கிடைக்கிறது. மோட்டார்சைக்கிளின் சிறிய மறைவே அத்தூரத்தில் கால்பங்குக்கு அருகில் பயன் தருமாயின், லாரியின் பெரிய மறைவு அதற்குக் குறையாமல் தரும். அப்போதும் முன்னுள்ள சாலை தெரியாது என்பதால், அந்தப் பத்து மீட்டரையும் நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

போட்டிக்காகப் பயில்பவருக்கு வண்டி மறைவு அவசியமில்லை என்று சொல்வதற்கில்லை. தனியாக ஒருபோதும் எட்டாத வேகத்தில் கால் சுழல்வதற்கு உடலைப் பழக்கவும், கூட்டத்துக்குள் ஓடும்போது உண்டாகும் ஏற்ற இறக்க வேகத்தை முன்கூட்டியே அநுபவிக்கவும், பயிற்சியாளர்கள் உலகெங்கும் மோட்டார் மறைவைப் பயன்படுத்துகிறார்கள். அதற்கு லாரி வேண்டாம். தெரிந்தவர் ஒருவர் மொபெட்டிலோ ஸ்கூட்டரிலோ முன்னே செல்ல வேண்டும். கனரக வாகனங்கள் வராத, விடியற்காலையில் வெறிச்சோடிக் கிடக்கும் கிளைச் சாலை வேண்டும். பள்ளத்துக்கு ஒரு கையசைவு, வேகம் குறைவதற்கு ஒரு கையசைவு என்று இருவரும் முன்னதாகப் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். முன்னே போகிறவர் ஆக்ஸிலேட்டரை மெல்லத் திருகவும், பிரேக்கை இயன்றவரை தொடாமலிருக்கவும் பழகியவராக இருக்க வேண்டும்; பின்னால் வருகிறவர் முன்வண்டியின் சக்கரத்தையே வெறித்துக்கொண்டிராமல், அவர் தோளுக்கு மேலாகச் சாலையைப் பார்த்தபடி ஓட்ட வேண்டும். ஸ்கூட்டருக்கு மேலே பார்வை செல்ல இடமிருக்கிறது. கண்டெய்னருக்கு மேலே இல்லை. மணிக்கு 45 கிலோமீட்டரை நிதானமாகப் பிடித்துக்கொண்டு போகக்கூடிய ஒரு மொபெட் அந்த வேலைக்குப் போதும். ஓசூரில் அதற்குப் பஞ்சமில்லை.